தண்டுவடம் தளிர்க்குமா?

ஒரே உடம்பில் இரண்டு நியாயம்

அறுவடைக் காலத்தில் அரிவாள் தவறி மணிக்கட்டில் பாய்ந்து, விரல்களுக்குச் செல்லும் நரம்பு துண்டாகிப் போன ஒருவரைத் தாமதியாமல் தேர்ந்த மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால், அவர் அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்து, தலைமயிரினும் மெல்லிய இழையால் தைத்துவிடுகிறார். முதலில் மரத்துக் கிடக்கும் விரல்களில், சில மாதங்கள் கழித்து, சுருக்கென்று ஓர் உணர்ச்சி எட்டிப் பார்த்து, பிறகு மெல்ல மெல்ல ஸ்பரிசமும் அசைவும் ஓரளவேனும் திரும்புகின்றன. அதே ஊரில் தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியவரோ, எலும்பு கூடிய பிறகும், புண் ஆறிய பிறகும், இடுப்புக்குக் கீழே தமக்கு ஒரு சரீரம் இருக்கிறது என்ற பிரக்ஞையே இல்லாமல் ஆண்டுக்கணக்காகக் கட்டிலில் கிடக்கிறார். மணிக்கட்டில் ஓடுவதும் நரம்புதான். முதுகுக்குள் ஓடுவதும் நரம்புதான். ஒன்று தளிர்க்கிறது, மற்றொன்று தளிர்க்க மறுக்கிறது. இயற்கை ஏன் ஒரே உடம்புக்குள் இப்படி இரண்டு நியாயம் வைத்திருக்கிறது?

கேள்வி மிகப் பழையது. இன்றைக்கு ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, அதனை விலைக்கு வாங்கியவரின் பெயரால் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று வழங்குகிறது. கழுத்தெலும்பு இடம் பெயர்ந்து, கைகளையும் கால்களையும் அறியாதவனாகிவிட்ட நோயாளியின் இலக்கணங்களை நுட்பமாக வர்ணித்துவிட்டு, இந்நோய் சிகிச்சைக்கு உட்படாதது என்று அச்சுவடி கைவிரித்துவிடுகிறது. நம் தலைமுறையில்தான் அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் துணிவு மருத்துவ உலகத்துக்கு வந்திருக்கிறது. அந்தத் துணிவுக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு, எவ்வளவு இல்லை என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

முதுகுக்குள் நடப்பது

முதுகெலும்புகளின் நடுவே உள்ள கால்வாயில், மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு இடுப்புக்குச் சற்று மேலே முடிகிறது தண்டுவடம். சுமார் 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனுமே உள்ள இந்த மிருதுவான வடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளைத்து உடம்பெங்கும் செல்கின்றன. நரம்பணு ஒவ்வொன்றுக்கும் நீண்ட வால் ஒன்று உண்டு; அதனை நரம்பிழை என்று குறிப்போம். மூளையின் கட்டளையை இறக்குவதும், தோலின் செய்தியை ஏற்றுவதும் இந்த இழைகளே. இழையின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருந்தால்தான் செய்தி விரைந்து செல்லும். உறை உரிந்த இழை உயிரோடிருந்தாலும் ஊமையாகிவிடுகிறது.

விபத்தில் தண்டுவடம் கத்தியால் வெட்டினாற்போல் இரு துண்டாகிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அபூர்வம். பெரும்பாலும் உடைந்த எலும்பு உள்ளே தள்ளப்பட்டு வடத்தை நசுக்குகிறது. அந்த ஒரு கணத்து அடியைக் காட்டிலும் அதன்பின் வரும் நாட்கள்தாம் கொடியவை: இரத்தம் கசிகிறது, வீக்கம் பரவுகிறது, உறை சுற்றும் அணுக்கள் கூட்டமாக மடிகின்றன, அடிபடாத பக்கத்து இழைகளும் உறையிழந்து வாயடைத்துப் போகின்றன. சில வாரங்களில் அந்த இடத்தில் வடுவும், பலருக்கு நீர் நிறைந்த ஒரு பொந்தும் உருவாகிவிடுகின்றன.

சேதத்தின் அளவை மருத்துவர் அறியும் முறை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. நோயாளியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பின்தலை தொடங்கிக் கால்விரல் வரை, குறித்த இடங்களில் ஒருமுறை பஞ்சின் நுனியாலும் ஒருமுறை ஊக்கின் முனையாலும் தொட்டு, “தெரிகிறதா? மழுக்கமா, கூரா?” என்று கேட்டுக்கொண்டே இறங்குகிறார். மார்புக்காம்பின் மட்டம் ஒரு நரம்புக்கு உரியது. தொப்புளின் மட்டம் அதற்கு ஆறு நரம்பு கீழே உள்ளதற்கு உரியது. “தெரிகிறது, தெரிகிறது” என்று வந்த பதில் எந்த இடத்தில் மௌனமாகிறதோ, அங்கே வடம் பழுதுபட்டிருக்கிறது. கடைசியாக ஆசனவாயிலும் உணர்வோ இறுக்கமோ இல்லையென்றால் அந்நோயாளிக்கு ‘ஏ’ என்ற படி, அதாவது பூரணச் செயலிழப்பு, குறிக்கப்படுகிறது. உணர்வு மட்டும் இருந்தால் ‘பி’. வலுவற்ற அசைவு இருந்தால் ‘சி’. பாதித் தசைகளேனும் புவியீர்ப்பை எதிர்த்து எழும்பினால் ‘டி’. எல்லாம் சரியானால் ‘இ’. இந்த ஐந்து எழுத்துகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் சொல்லப்போகும் பரிசோதனையின் முழு வரவுசெலவும் இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கொழுகொம்பு இல்லாத கொடி

நரம்பணுவின் அமைப்பை உலகுக்குக் காட்டி 1906-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பானிய மேதை ரமோன் இ காஹால், அறுபட்ட தண்டுவடத்து இழைகள் சிறிது தூரம் முளைவிட்டுப் பிறகு தயங்கி நின்றுவிடுவதை நுண்காட்டியில் கண்டார். வளர்ந்த மனிதனின் மூளையிலும் தண்டுவடத்திலும் பாதைகள் நிலைபெற்றுவிட்டன என்பதே அவருடைய முடிந்த அபிப்பிராயம். இழைக்கே வளரும் சக்தி இல்லையா, அல்லது அது இருக்கும் இடம்தான் அதை வளர விடுவதில்லையா என்ற வினா அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தீராமலே கிடந்தது.

1981-இல் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ என்னும் இருவர், எலியின் காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டைப் பாலமாக வைத்து, ஒரு முனையை மூளையின் அடிப்பாகத்திலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட மத்திய நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் புகுந்து சுமார் 3 சென்டிமீட்டர் ஓடின. எலியின் அளவுக்கு அது பெரும் பிரயாணம். ஆனால் பாலத்தின் மறுகரையில் மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்த மாத்திரத்தில் அவை நின்றுவிட்டன. வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: குற்றம் இழையினுடையது அன்று, இடத்தினுடையது.

கை கால் நரம்புகளில் இழைக்கு உறை சுற்றும் ஷ்வான் அணுக்கள், நரம்பு அறுந்ததும் சிதைந்த பழைய உறையை அகற்றி, வரிசையாக நின்று, புதிய முளை பற்றிக்கொண்டு ஏறுவதற்குக் கொழுகொம்பாகின்றன. கொடியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் படர்கிறது. தண்டுவடத்தில் உறை சுற்றும் வேலை வேறோர் இனத்து அணுக்களுடையது. அவை கொழுகொம்பாவதில்லை, போதாக்குறைக்கு, அவை விட்டுச்செல்லும் உறைச் சிதைவில் இழையின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களே இருக்கின்றன என்பதை 1980-களில் சூரிச் நகரத்து மார்ட்டின் ஷ்வாப் நிலைநாட்டினார். அதன்மேல் வடுவும் பொந்தும் சேர்ந்துகொள்கின்றன. அப்படியானால், பழுதான இடத்தில் ஆதரவான புதிய அணுக்களைக் கொண்டுபோய் வைத்தால் என்ன? ஸ்டெம் செல் சிகிச்சை என்று இன்று பேசப்படும் முயற்சி இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே.

குருத்தணு

தானும் பெருகி, தன்னிலிருந்து வேறு வகை அணுக்களையும் பிறப்பிக்கவல்ல அணுவே ஸ்டெம் செல். தமிழில் அதனைக் குருத்தணு என்பர். எலும்பு மஜ்ஜையில் உள்ள இரத்தக் குருத்தணு இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும். அதற்கு மேல் அதன் ஆற்றலை எதிர்பார்க்கலாகாது. எல்லா அவயவங்களையும் பிறப்பிக்கவல்லவை கருவின் ஆதி நாட்களில் உள்ளவை. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்த்தார். அவற்றிலிருந்து உறை சுற்றும் அணுக்களின் முன்னோடிகளை உண்டாக்கி, 2010 அக்டோபரில் அட்லாண்டா நகரில் ஜெரான் என்னும் நிறுவனம் தண்டுவட நோயாளி ஒருவருக்கு 20 லட்சம் அணுக்களைச் செலுத்தியது. ஐவருக்குச் செலுத்தியதோடு, 2011 நவம்பரில், பணநெருக்கடியைக் காரணங்காட்டி அம்முயற்சியையே நிறுத்திவிட்டது. பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அந்த ஐவருக்கும் அணுக்களால் பெருந்தீங்கு விளையவில்லை; சொல்லும்படியான குணமும் காணப்படவில்லை. ஆரம்பப் பரிசோதனை நோக்கியது பாதுகாப்பையே என்பதால் அதனைத் தோல்வி என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு முன்பே, கருவை அழித்து அணு எடுப்பது தர்மமா என்ற விவாதம் எங்கும் மூண்டிருந்த வேளையில், 2006-இல் கியோட்டோவின் ஷின்யா யமனாகா, எலியின் தோலணுவுக்குள் நான்கே மரபணுக்களைப் புகுத்தி, அதனைக் கருவணுவின் பூர்வ நிலைக்குத் திருப்பிவிட்டார். மறு ஆண்டே மனித அணுவிலும் அது நிறைவேறியது. 2012-இல் ஜான் கர்டனோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வாறு பின்னோக்கித் திருப்பப்பட்டவற்றுக்கு ஐ.பி.எஸ். அணுக்கள் என்று பெயர். மீள்குருத்தணுக்கள் என்று சொன்னாலும் பொருந்தும்.

நான்கு பேர்

தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதெயுகி ஒகானோ, மசாயா நகமுரா ஆகிய இருவரும் இந்தப் பிரச்சினையோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர்கள். அவர்கள் குழு முதலில் எலிகளிடம் கண்ட உண்மை ஒன்று எல்லாவற்றுக்கும் அடிப்படையாயிற்று: அடிபட்டவுடனே அணுக்களை வைத்தால், அங்கே கொந்தளிக்கும் அழற்சியில் அவை மடிந்துபோகின்றன, நெடுநாள் கழித்து வைத்தால் வடு இடங்கொடுப்பதில்லை, இரண்டுக்கும் நடுவே, எலிக்கு ஒன்பதாம் நாளையொட்டி, ஒரு வாய்ப்பு திறந்து மூடுகிறது. குரங்கினத்தைச் சேர்ந்த சிறிய மார்மோசெட்டிலும் அணுக்கள் பயன் தந்தன. மனிதனுக்கு அந்த வாய்ப்பு அடிபட்ட 14-ஆம் நாள் முதல் 28-ஆம் நாள் வரை என்று அவர்கள் கணித்தார்கள்.

இந்த இரண்டு வார அவகாசமே மற்ற எல்லா முடிவுகளையும் நிர்ணயித்தது. நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து மீள்குருத்தணுவை உண்டாக்கி, அதனை நரம்பின் முன்னோடி அணுவாக மாற்றி, சுத்தம் சோதித்துத் தர எத்தனையோ மாதங்கள் பிடிக்கும்; அதற்குள் வாய்ப்பு மூடிவிடும். ஆகவே, பலருடைய உடம்பு ஏற்கத்தக்க திசுவமைப்புள்ள ஆரோக்கியமான ஒருவரின் அணுக்களைக் கியோட்டோவில் முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைத்திருந்த இருப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார்கள். பிறருடைய அணு என்பதால், உடம்பு அதனை விரட்டாதிருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்னோர் அச்சமும் இருந்தது. இதே குழு எலிகளில் செய்த சோதனையில் சில அணு வரிசைகள் அடங்காமல் பெருகிக் கட்டியாகிவிட்டிருந்தன. எனவே, உடம்புக்குள் செலுத்துவதற்கு முன், அணுக்கள் மேலும் மேலும் பிளந்து பெருகும் போக்கை நிறுத்தி அவற்றை முதிர்ச்சியை நோக்கித் திருப்பும் மருந்தொன்றில் ஊறவைத்தே எடுத்தார்கள். பலன் தெரிவதைக் காட்டிலும் தீங்கு நேராதிருப்பதே முதல் கடமை என்று கருதிய இந்த நிதானம் என்னை மிகவும் கவர்கிறது.

2019 பிப்ரவரியில் ஜப்பான் அரசின் அனுமதி கிடைத்தது. பிறகு கொரோனாப் பெருந்தொற்று குறுக்கிட்டது. 2021 டிசம்பரில்தான் முதல் நோயாளியின் முதுகு திறக்கப்பட்டு, நசுங்கிய இடத்தில் 20 லட்சம் அணுக்கள் மெல்லிய ஊசி வழியே செலுத்தப்பட்டன. இருபது லட்சம் என்றவுடன் மலைக்க வேண்டாம். அத்தனையும் சேர்ந்து ஒரு சொட்டுத் திரவத்துக்குள் அடக்கம். விலங்குகளின் கணக்குப்படி பார்த்தால் மனிதனுக்கு இது குறைந்த அளவே. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே குறைத்து வைக்கப்பட்டது. கழுத்தின் நடுப்பகுதிக்கும் தொப்புள் மட்டத்துக்கும் இடையே அடிபட்டு, ‘ஏ’ படியில் இருந்த நால்வருக்கு ஒருவர்பின் ஒருவராக இந்தச் சிகிச்சை நடந்தது. அதன்பின் நாள்தோறும் தசைப் பயிற்சி, ஓராண்டுக் கண்காணிப்பு.

பலன் என்ன, பாடம் என்ன

2025 மார்ச்சில் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. நால்வரில் எவருக்கும் அணுக்களால் கடுமையான தீங்கு நேரவில்லை. இருவர் ‘ஏ’ படியிலேயே இருந்தார்கள். ஒருவர் ‘சி’ படிக்கு ஏறினார். வலுக் குறைவாயினும் தசைகளில் அசைவு வந்தது. மற்றொருவர் ‘டி’ படிக்கே ஏறி, பிறர் துணையின்றி நின்று, நடைப் பயிற்சியைத் தொடங்கினார்.

படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் எழுந்து நின்றார் என்று படிக்கும்போது யாருக்கும் மனம் பொங்கத்தான் செய்யும். ஆயினும் விஞ்ஞானம் இங்கே ஒரு கணம் தயங்கி நிற்கிறது. ‘ஏ’ என்று குறிக்கப்பட்டவர்களிலும் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ, எந்த அணுவும் செலுத்தாமலே, முதல் ஆண்டில் ஓரளவு முன்னேற்றம் தானாக ஏற்படுவதுண்டு. வீக்கம் வடிந்து, ஊமையாயிருந்த இழைகள் சில மீண்டும் பேசத் தொடங்குவதால் வருவது அது. ஒரேயடியாக ‘டி’ வரை ஏறுவது மிக அரிதுதான். என்றாலும் நான்கே பேரை வைத்துக்கொண்டு, அணு செலுத்தப்படாத மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிடாமல், எழுந்து நின்றது அணுக்களாலா, காலத்தாலா, பயிற்சியாலா என்று தீர்ப்புக் கூற எவராலும் முடியாது. இதே ஜப்பானில், சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய எலும்பு மஜ்ஜை அணுச் சிகிச்சைக்கு, 13 பேரின் அனுபவத்தை மட்டும் நம்பி 2018 இறுதியில் ஏழாண்டு நிபந்தனை அனுமதி கொடுக்கப்பட்டபோது, பல நாட்டு நிபுணர்கள் எழுப்பிய ஆட்சேபமும் இதுவே. அவர்களுடைய ஆட்சேபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அந்த அணுக்கள் உள்ளே சென்று என்னதான் செய்கின்றன? விலங்குகளில் கண்டவரை, சில உறையிழந்த இழைகளுக்கு உறை சுற்றுகின்றன. சில ஊட்டப் பொருள்களைச் சுரந்து பக்கத்து அணுக்கள் மடியாமல் காக்கின்றன. சில தாமே நரம்பணுக்களாகி மேலிருந்து வரும் செய்தியை வாங்கிக் கீழே கைமாற்றுகின்றன. தலையிலிருந்து கால்வரை ஒரு புதிய இழையை ஓட்டிவிடும் காரியம் இதுவரை யாருக்கும் கைகூடவில்லை. அடிபட்டுப் பல ஆண்டுகளாகி, வடு இறுகிவிட்டவர்களுக்கு இந்த நால்வரின் அனுபவம் நேரடியாகப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூளைக்கு வேறு கணக்கு

பார்க்கின்சன் நோயைச் சற்றே ஒப்பிட்டால் தண்டுவடத்தின் கஷ்டம் இன்னும் தெளிவாக விளங்கும். அந்நோயில், மூளையின் ஆழத்தில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் ஒரே இனத்து அணுக்கள் பெருமளவில் மடிவதால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. நட்ட அணுக்கள் அங்கே நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. வைத்த இடத்திலேயே வேர்விட்டு டோபமைனைச் சுரந்தால் போதும். கியோட்டோவின் ஜுன் தகஹாஷி 2018-இல் தொடங்கி ஏழு நோயாளிகளின் மூளையில் மீள்குருத்தணுவிலிருந்து வந்த முன்னோடி அணுக்களை வைத்தார். 2025-இல் வெளியான முடிவின்படி, எவருக்கும் கட்டி உண்டாகவில்லை. அணுக்கள் உயிரோடிருந்து டோபமைன் சுரந்தன. பலன் அளக்கப்பட்ட அறுவரில் நால்வருக்கு, மாத்திரையின் வேகம் தணிந்திருந்த நேரத்திலும், அசைவு மேம்பட்டிருந்தது. முதுகைவிட மூளையில் காரியம் எளிதாயிருப்பது விசித்திரமாகத் தோன்றினும், கேட்கப்படும் வேலை சிறியது என்பதே அதன் ரகசியம்.

கட்டிலருகே இருப்பவர்களுக்கு

இந்த நிதானமான ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம், எந்த ஊனத்துக்கும் குருத்தணு ஊசி உண்டு என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் பணம் வாங்கும் நிலையங்கள் பல தேசங்களில் பெருகியிருக்கின்றன. நம் நாடும் விலக்கன்று. அவற்றின் விளைவு பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளிலும் இவ்வாறு ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர் ஒருவரின் தண்டுவடத்தில், அவருக்குச் சொந்தமில்லாத அணுக்களாலான ஒரு வளர்ச்சி மண்டிக் கிடந்ததை 2016-இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நடக்க விரும்பிப் போனவருக்கு மிஞ்சியது புதிய செயலிழப்பு.

இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, குருத்தணுவை வழக்கமான சிகிச்சையாக விற்பதற்கு இடமில்லை என்றும், மற்றவை யாவும் அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே நடைபெற வேண்டும் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது.

தண்டுவடம் பழுதுபட்டவரை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்தாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இன்றைக்கு ஒருவரின் ஆயுளைக் காப்பவை படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீர்ப்பையைக் காலந்தவறாமல் காலிசெய்வது, மூச்சுப் பயிற்சி, தசைப் பயிற்சி ஆகியவை. கெய்யோவின் நால்வருக்கும் இவை குறைவறக் கிடைத்தன. 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையையே வளர்த்தெடுத்தார்; அத்தகைய மறுவாழ்வு நிலையம் ஒன்றை முதலில் நாடுங்கள். குருத்தணு ஊசி போடுகிறோம் என்று எவரேனும் முன்வந்தால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் பதிவெண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, அடிபட்டு எத்தனை நாளானவர்களுக்கு அது உரியது என்று கேளுங்கள். முறையான பரிசோதனையில் ஊசிக்கு நோயாளியிடம் விலை வாங்குவதில்லை. விலை சொல்கிறார்கள் என்றால் நிலத்தையோ நகையையோ விற்காமல் வீடு திரும்பிவிடுங்கள்.